இன்னும் ஒரே ஒரு சரணம்

இல்லை, ஓட்டோகார் குடிகாரன் இல்லை. இதை நான் மூன்றாம் மாடி போஸ்பிஷில் அம்மாவிடம் குழாயடியில் சொன்னேன், மாடிப்படியில் சொன்னேன், மாதா கோயில் வாசலில் வைத்தும் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். அவன் படியேறும்போது தள்ளாடினான் என்றால் அது குடித்ததனால் அல்ல. காலால் தாளம் போட்டுக்கொண்டே ஏறுவான். தாளம் தப்பினால் கீழே இறங்கி மறுபடி முதலிலிருந்து ஏறுவான். குடித்தவன் அப்படிச் செய்வானா? விழுந்த இடத்திலேயே படுத்துக்கொள்வான். அவன் சோம்பேறியும் இல்லை, பொய்யனும் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தான் என்பதும் பொய். கெடுக்கப் பார்த்தான் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். அதுவும் வாயால் மட்டும்தான்.

"அப்ப அவன் யாருதான்?" என்று கேட்டு, போஸ்பிஷில் அம்மா வாளியைக் கீழே வைத்தாள். வியன்னாவில் எங்கள் மாதிரிக் கட்டடங்களில் வீட்டுக்குள் குழாய் கிடையாது. மாடிக்கு ஒரு குழாய், தாழ்வாரத்தில். அங்கே ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டால் சபை கூடிவிட்டது என்று அர்த்தம்.

அவன் யார் என்றால், அவன் தனி ஆளே இல்லை, ஓர் இனம். உலகத்தில் பூனை இனம் இருக்கிறது, வாத்து இனம் இருக்கிறது, ‘இன்னும் ஒரே ஒரு சரணம்’ இனமும் இருக்கிறது. இதில் எங்கள் ஓட்டோகார் வெசெலி சுத்தமான ரகம், கலப்பில்லாதது.

கசாப்புக் கடைக்குக் கீழே நிலவறையில் ஒரு சின்ன மேடை உண்டு. சின்னச் சின்ன மேசைகள், ஒயின், புகை, பல் போன கிழவர் மாதிரி நடுநடுவே கட்டை இல்லாத ஒரு பியானோ. அங்கே ஓட்டோகார் விறைப்பான வெள்ளைச் சட்டையில் வந்து நின்று, அந்த வாரம் ஊரில் நடந்ததையெல்லாம் தானே கேலிப் பாட்டாகக் கட்டிப் பாடுவான். சரணத்துக்குச் சரணம் ஆள் மாறும், பல்லவி மாறாது. சரணம் முடிந்து ஜனங்கள் கைதட்டினால் இன்னொரு சரணம் பாட வேண்டும். அதுதான் அந்த மேடையின் மரியாதை. கைதட்டு நின்றால் பாட்டும் நின்றது. அந்தப் பாட்டுகளுக்கு வேறு முடிவு கிடையாது. விவரமான பாட்டுக்காரர்கள் கைதட்டு ஓய்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே குனிந்து ஒரு வணக்கம் போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள். ஓட்டோகாருக்கு எல்லாம் வந்தது, அந்தக் ‘கொஞ்சம் முன்னால்’ மட்டும் வரவில்லை. பியானோக்காரர் மூடியை டப்பென்று மூடினால்தான் நிறுத்துவான். ஒரு தடவை அவன் விரல் உள்ளே இருக்கும்போதே மூடிவிட்டார். அந்த வலியிலும் ஒரு சரணம் வந்தது, நன்றாகவும் இருந்தது.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் துக்கம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். என் நாத்தனாரின் கணவர் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட கதையை நான் மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னேன். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் உதடு எதுகை தேடி அசைந்துகொண்டே இருந்தது.

"வாசல்காரம்மா, ஏணிதானே? நாற்காலி இல்லையே?"

"ஏணிதாம்பா."

"அப்பாடா" என்றான்.

கட்டடத்தின் வாசல் சாவி என்னிடம் இருப்பதால் எல்லோருக்கும் நான் வாசல்காரம்மா. அவனுக்கு என் வீட்டின் பின்னறையை விட்டிருந்தேன். ஆகவே இந்த இனத்தின் நடமாட்டத்தை நான் கிட்ட இருந்து பார்த்தவள். கடைக்குப் பூசணிக்காய் வாங்கப் போவான். போகிற வழியில் சந்தத்துக்கு வெள்ளரிக்காய்தான் பொருந்துகிறது என்று தோன்றிவிடும். வெள்ளரிக்காயோடு வந்து நின்று, இதை என்ன செய்வது என்று என்னையே கேட்பான். காய்ச்சலுக்கு வைத்தியர் வந்து வாயைத் திறந்து ‘ஆ’ சொல்லச் சொன்னால் அதை இழுத்து ஒரு ராகமாக்கி, வைத்தியரின் முகத்தில் ரசனை தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். பாவமன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் பாவங்களை எதுகைப்படி அடுக்கினான். சந்தத்துக்காகச் செய்யாத பாவம் ஒன்றும் சேர்ந்துவிட்டது. பாதிரியார் அதற்கும் சேர்த்தே ஜெபம் சொல்லச் சொன்னார், அவனும் சொன்னான். இப்படிப்பட்டவனையா பொய்யன் என்கிறீர்கள்?

சரி, எங்கள் கட்டடத்தைப் பற்றி அவன் பாட்டுக் கட்டினான், அது உண்மை. போஸ்பிஷில் அம்மாவின் கோபம் எல்லாம் அங்கே தொடங்கியது. அவளுடைய சரணம் இது:

மூணாம் மாடி அம்மாவுக்கு முட்டி வலி தீரலே,
முடிதிருத்தும் மனுஷன் வந்தா மாடிப்படி தெரியலே —
நமக்கெதுக்கு, நான் ஒண்ணும் சொல்லலே.

இதைக் கேட்டு மூன்று வாரம் அவள் என்னிடம் பேசவில்லை. அறையை வாடகைக்கு விட்டவள் நான் அல்லவா? ஆனால் நாலாவது வாரம் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு, கிராமத்திலிருந்து வந்த தங்கையையும் கூட்டிக்கொண்டு நிலவறைக்குப் போனாள். முதல் மேசையில் உட்கார்ந்தாள். தன் சரணம் வந்ததும் தங்கையை முழங்கையால் இடித்தாள் என்று கசாப்புக் கடைக்காரர் சொன்னார். அதற்குப் பிறகும் குழாயடியில் திட்டினாளா என்றால், திட்டினாள். திட்டாவிட்டால் அந்த முட்டி யாருடையது என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

பாட்டில் வந்தவர்களின் கோபத்தைச் சமாளித்துவிடலாம். வராதவர்களின் கோபம் இருக்கிறதே! இரண்டாம் மாடி நவ்ராட்டில் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், சத்தம் போட்டுத் தும்மக்கூட மாட்டார். அவர் ஒரு நாள் கழுத்துப்பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"மூணாம் மாடி இருக்கு. முற்றத்துப் புறா இருக்கு. குப்பைத்தொட்டி கூட இருக்கு. நான் மட்டும் என்னம்மா, ஆளில்லாத வீடா?"

"உங்களப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லைன்னு சொல்றான் சார்."

"ஏன் இல்லே? எனக்கு எத்தனை கெட்ட குணம் இருக்குன்னு என் பெண்டாட்டிகிட்ட வந்து கேட்கச் சொல்லுங்க."

இனி ஹெர்மினேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலுக்கு இடது பக்கம் அவளுடைய இஸ்திரிக் கடை. மேடைச் சட்டையின் மார்புப் பக்கம் கஞ்சி போட்டுப் பலகை மாதிரி நிற்க வேண்டும், தட்டினால் கதவு தட்டுகிற சத்தம் வர வேண்டும். அந்த வட்டாரத்தில் அப்படி நிற்க வைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஓட்டோகார் அழுக்கில்லாத சட்டைகளையும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தான் என்றால் மற்றதை நீங்களே புரிந்துகொள்ளலாம். கடை வாசலில் நின்று தினம் ஒரு சரணம் பாடுவான். அவள் சிரிப்பாள். கை தட்டமாட்டாள், ஏனென்றால் கையில் இஸ்திரிப் பெட்டி. கைதட்டு வராததால் அவன் தானாகவே நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் அங்கே சும்மா நிற்பான். உலகத்தில் அவன் சும்மா நின்ற ஒரே இடம் அது.

ஹெர்மினேயின் மனசில் ஒரு பழைய காயம் உண்டு. தீயணைப்புப் படைக்காரன் ஒருவனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாண வாரத்தில் அவன் லின்ட்ஸ் நகரத்தில் மிட்டாய்க் கடை வைத்திருந்த ஒரு விதவையைக் கட்டிக்கொண்டுவிட்டான். தெரு முழுக்கச் சிரித்தது. பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டது. அன்றிலிருந்து அவள் எதிரில் யாரும் ‘தீ’ என்றே சொல்வதில்லை, அடுப்புப் பற்ற வைத்தாயா என்பதைக்கூட, "அடுப்பு ஆரம்பிச்சாச்சா?" என்றுதான் கேட்போம். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஓட்டோகார் விஷயத்தில் அவள் என்னிடம் வாய் திறந்தது ஒரே ஒரு தடவைதான்.

"அவர் பாடட்டும், எனக்குப் பிடிக்கும். ஆனா ஊர் சிரிக்கறதுக்கு இன்னொரு தடவ நான் ஆளாக மாட்டேன். என்னைப் பாத்து ஒரு தடவ சாதாரணமா பேசட்டும். பேசிட்டு நிறுத்தட்டும். அப்புறம் நான் சரின்னு சொல்றேன்."

நான் இதை அவனிடம் அப்படியே சொன்னேன். புரிகிறது என்று தலையாட்டினான். உதடு அசைந்தது.

ஹெர்மினேயின் அப்பா கிராட்டோச்வில், டிராமில் கண்டக்டராக இருந்தவர். தலையில் டோப்பா வைத்திருப்பார். அது டோப்பா என்பது எல்லோருக்கும் தெரியும், தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதும் தெரியும். அவருடைய பெயர் கொண்ட புனிதரின் திருநாளன்று கட்டடத்தையே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். ஈரல் உருண்டை சூப் வந்தது. சூப்புக்கும் வாத்து வறுவலுக்கும் நடுவில் ஓட்டோகார் எழுந்தான். சாதாரணமாகப் பேசுடா, என்று நான் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டான்.

இஸ்திரிப்பெட்டி சூட்டைப் போல என் நெஞ்சும் சூடாயிருக்கு,
கசங்கிப்போன மனுஷன் என்னை மடிச்சு வெக்க மனசிருக்கா?

இப்படி மூன்று சரணம். அழகாகத்தான் இருந்தது, நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? கிராட்டோச்வில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். ஹெர்மினேயின் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்தது. பாட்டாக வந்தாலும் பரவாயில்லை, கேட்டது என்னைத்தானே என்று அவள் மனசை இளக்கிக்கொண்டிருக்க வேண்டும். மெதுவாக, ஆனால் எல்லோர் காதிலும் விழும்படியாக, "சரி" என்றாள்.

நாங்கள் கைதட்டினோம்.

அங்கேதான் கெட்டது. வேறு ஊரில் வேறு எந்த ஆண்பிள்ளையும், ஒரு பெண் சரி என்று சொன்னதும் உட்கார்ந்து மீதி சூப்பைக் குடிப்பான். இவன் நிலவறையில் வளர்ந்தவன். கைதட்டினால் இன்னொரு சரணம் என்பது இவனுக்கு மூச்சு மாதிரி. நாலாவதாக மாமனாரின் டோப்பா டிராம் ஜன்னல் வழியே பறந்து ஒரு பாதிரியாரின் மடியில் உட்கார்ந்து ஆசீர்வாதம் வாங்கியதைப் பாடினான். எல்லோரும் சிரித்தோம், தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கிராட்டோச்வில்லும் சிரித்தார். கைதட்டு இன்னும் பலமாக வந்தது. அந்த வேகத்தில் ஐந்தாவது:

தீயணைக்க வந்த வீரன் தித்திப்புக்குத் தாவிட்டான்,
தீஞ்ச வீட்டுச் சாவியத்தான் என் கையில தந்துட்டான்.

ஒருவர் கையும் அசையவில்லை. ஈரல் உருண்டை ஒன்று யாருடைய கரண்டியிலிருந்தோ சூப்பில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. ஹெர்மினேயின் சிவப்பு எல்லாம் இறங்கி, முகம் அவள் கஞ்சி போட்ட சட்டை மாதிரி ஆகிவிட்டது. தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று ஓட்டோகாருக்கும் தெரிந்துவிட்டது. அவன் கண்ணைப் பார்த்தவள் நான், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் இந்த இனத்துக்கு மௌனம் என்றால் நாய்க்கு இடி மாதிரி. மௌனத்துக்கு அவர்களிடம் இருக்கிற மருந்து ஒன்றே ஒன்று. ஆறாவது சரணத்தைத் தொடங்கினான். யாரையும் புண்படுத்தக்கூடாது என்று தேடித் தேடி, நவ்ராட்டிலைப் பாடினான்.

நவ்ராட்டில் எழுந்து நின்று கைதட்டினார். தனியாக, கண்ணீரோடு. அதனால் ஏழாவதும் வந்தது.

ஹெர்மினே அவன் முன்னால் இருந்த சூப்புத் தட்டை எடுத்தாள். அதில் பாதி சூப் அப்படியே இருந்தது.

"சரின்னு சொன்னேன் இல்லையா? அத நான் திரும்ப எடுத்துக்கறேன்" என்றாள். தட்டோடு சமையலறைக்குள் போனாள். அவன் பங்கு வாத்து வரவேயில்லை.

அதற்குப் பிறகு குழாயடியில் என்னென்ன கதை! முதல் மாடியில் அவன் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்றார்கள். இரண்டாம் மாடியில் அவனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி உண்டு என்றார்கள். மூன்றாம் மாடியில் அந்தப் பெண்டாட்டிக்கு இரட்டைக் குழந்தைகள். நான் கீழே இருந்து ஒவ்வொரு மாடியாக ஏறி மறுத்துவிட்டு வருவதற்குள் கீழே புதிதாக ஒன்று முளைத்திருக்கும்.

ஹெர்மினேயோ அவன் சட்டைகளை வாங்கிக்கொண்டாள், தேய்த்துக் கொடுத்தாள், கஞ்சியை மட்டும் விட்டுவிட்டாள். மேடையில் இரண்டாவது பாட்டின்போது சட்டையின் மார்பு மடங்கி முன்னால் தொங்கிவிட்டது; குனிந்தால் வாயை மூடியது, நிமிர்ந்தால் வயிற்றைக் காட்டியது. ஜனம் சிரித்துக் கண்ணீர் விட்டது. அவன் அதற்கும் ஒரு சரணம் கட்டினான். மறுநாள் காலை என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, நேற்று மாதிரி கைதட்டு இதுவரை வந்ததே இல்லை என்றான். பிறகு "ஆனா" என்றான். எதுகை வரும் என்று காபியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. அந்த ‘ஆனா’ அப்படியே நின்றுவிட்டது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

பனிக்காலம் முடிவதற்குள் ஸூரிக் நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு பெரிய அரங்கம், நல்ல பியானோ, ஒரு பருவம் முழுக்கப் பாட்டு. போகிற நாள் காலையில் பெட்டியோடு பின்னறையிலிருந்து வெளியே வந்தான். வழிக்குச் சாப்பிட ஒரு பன் கொடுத்தேன், என் முஷ்டியைவிடப் பெரியது. கீழ்த் தாழ்வாரத்துக் குழாயடியில் எல்லோரும் நின்றார்கள். எல்லா வாளியும் நிரம்பித்தான் இருந்தது, ஒருவரும் நகரவில்லை. முற்றத்துப் பக்கம் பார்த்த ஜன்னலில் கிராட்டோச்வில் டோப்பாவைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

அவன் இஸ்திரிக் கடை முன்னால் நின்றான். பெட்டியைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான். ஹெர்மினே கையில் இஸ்திரிப் பெட்டியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹெர்மினே, அன்னிக்கு நான் பாடினது தப்பு. உன்ன விட்டுட்டுப் போக எனக்கு மனசில்லே. என்கூட வர்றியா?"

அவ்வளவுதான். எதுகை இல்லை, மோனை இல்லை, பல்லவி இல்லை. அவன் வாயிலிருந்து வந்ததா என்று சந்தேகப்பட்டு நான் அவன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

அவள் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். மௌனம் வந்தது, நான் சொன்னேனே, நாய்க்கு இடி. முதலில் அவனுடைய வலது கால் தட்டத் தொடங்கியது. பிறகு உதடு. போஸ்பிஷில் அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நவ்ராட்டில் ஆசையாக ஓர் அடி முன்னால் வந்தார். ஓட்டோகார் மூச்சை உள்ளே இழுத்தான், வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் அந்தப் பன்னை முழுசாகத் திணித்துக்கொண்டான்.

கன்னம் இரண்டும் புடைத்தன. கண் பிதுங்கியது. உள்ளே ஒரு சரணம் முட்டி மோதுவது வெளியே நின்ற எங்களுக்கே தெரிந்தது. அவன் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் இஸ்திரிப் பெட்டி கீழே இருந்த சட்டையைப் பொசுக்கிப் புகை வந்தது. நவ்ராட்டிலின் சட்டை. புகார் சொல்லுகிற நேரமா அது?

"முடிச்சாச்சா?" என்று கேட்டாள் ஹெர்மினே.

அவன் தலையாட்டினான்.

"இன்னொண்ணு இல்லையே?"

இல்லை என்று தலையாட்டினான். கண்ணில் நீர் வழிந்தது. பாதி அந்தப் பன்னால்தான், எனக்குத் தெரியும்.

"மெதுவா மென்னு முழுங்குங்க. நான் கோட்டை எடுத்துட்டு வர்றேன்."

அவர்கள் சேர்ந்து வாசலைத் தாண்டிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். கதவைத் திறந்துவிட்டவளே நான்தான். தெருமுனை வரைக்கும் அவன் மென்றுகொண்டே போனான். இதைத்தான் போஸ்பிஷில் அம்மா வாழ்க்கையைக் கெடுத்தது என்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும், நான் மறுபடி மாடி ஏறுவேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் போன விருந்தில் நீங்கள் சொன்ன ஒன்றுக்கு எல்லோரும் சிரித்தார்களே, அப்போது என்ன செய்தீர்கள்? உட்கார்ந்து சாப்பிட்டீர்களா, இல்லை, அதே சூட்டோடு இன்னொன்று சொன்னீர்களா? அது எடுபடாதபோது, அதைச் சரிக்கட்ட மூன்றாவதாக உங்கள் மைத்துனரைப் பற்றி ஒன்று? உங்கள் பெண்டாட்டி காலை மிதித்தாரா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதற்கும் இனிமேல் வெளியே கிளம்பும்போது பையில் ஒரு பன் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பன்னாக.